ஸ்நாப்னா இன்னா பாப்பா

"அப்படின்னா இன்னா பாப்பா?" என்று தம்பி கேட்டது வரைக்கும் காதில் விழுந்தது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாது, ஏனென்றால் அதற்குள் போனை நானே அணைத்துவிட்டேன். ஏன் அணைத்தேன்? சூடான பாத்திரத்தைத் தொட்ட கை தானாகப் பின்னால் வருமே, அந்த மாதிரி விரல் போய் அந்தச் சிவப்பு வட்டத்தை அழுத்திவிட்டது. ரயில் காட்பாடியில் நின்றுகொண்டிருக்கிறது. தம்பி ஜெயசீலன் பேசி முடித்திருந்தான். "சரிண்ணா, பாப்பா வண்டி எடுத்துனு ஸ்டேஷனுக்கு வரும், நீ வெயில்ல நடக்காத" என்றான், நான் சரி என்றேன், அவன் எப்போதும் செய்வதுபோல அணைக்காமலே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், துணி உரசுகிற சத்தம் கரகரவென்று கேட்டது, அதற்குப் பின்னாலிருந்து அவன் மகள் பெனிட்டாவின் குரல். "யாருப்பா, நம்ம ஸ்நாப் பெரிப்பாவா?" சிரித்துக்கொண்டே சொன்னாளா? சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆனால் நம்ம என்று சொன்னாள், அது நிச்சயம். நம்ம என்று முன்னால் போட்டுவிட்டால் எந்த வசவும் பாதி வசவாகிவிடும், நம்ம கிறுக்கன், நம்ம கஞ்சன், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் வசவு. பாதி போனால் மீதிப் பாதி இருக்கிறதே. அதை எங்கே வைப்பது? தம்பிக்கு அந்தச் சொல் தெரியவில்லை, அதனால் கேட்டான், கேட்டதும் அவள் ஏதோ ஒரு பொருள் சொல்லியிருப்பாள், இந்நேரம் அவன் அந்தப் பொருளை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பான், என்னை நினைத்துக்கொண்டே. இன்னும் ஒரு விநாடி காதில் வைத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பதிப்பகத்தில் ஆங்கிலம் தமிழ் அகராதி வேலை பார்க்கிறவன் நான், ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல வாயைத் திறக்கிறார்கள் என்றால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறவன், இன்று கேட்காமல் ஓடிவிட்டேன்.

அதுவும் உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க இந்தச் சொல். போன மாதம் முழுக்க எஸ் எழுத்தில்தான் கிடந்தேன், அதிலும் இதோடுதான் அதிக நாள் உட்கார்ந்திருந்தேன். இருநூறு இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஸ்நாப் என்றால் செருப்புத் தைக்கிறவன், இல்லையென்றால் அவனிடம் வேலை கற்கிறவன், அவ்வளவுதான், தச்சன் கொத்தன் என்பதுபோல. அப்புறம் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்தவர்கள் ஊர்க்காரர்களை எல்லாம் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், படிக்க வராதவன், ஊரான். அப்புறம் அது சாதாரண ஜனம், பழக்க வழக்கம் தெரியாதவன் என்று விரிந்தது. இங்கேதான் சொல் திரும்புகிறது. பழக்க வழக்கம் தெரியாதவன் தெரிந்தவன் மாதிரி நடித்தால், பெரிய மனிதர்களை ஒட்டிக்கொண்டு அவர்கள் இருமுகிற மாதிரியே இருமினால், அவன் ஸ்நாப். அதற்கும் அப்புறம் நடிப்பே வேண்டியதில்லை என்றாகிவிட்டது, கீழே இருப்பவர்களைப் பார்த்து முகம் சுளித்தால் போதும். குலமில்லாதவன் என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் சுருக்கம்தான் இது என்று ஒரு கதையும் சொல்வார்கள், கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் கிடையாது. ஆக, செருப்புத் தைக்கிறவனிடம் ஆரம்பித்த சொல், அவனைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவனிடம் வந்து நின்றிருக்கிறது. எங்கள் அப்பா செருப்புத் தைத்தார். ஆம்பூர் பஜாரில், தபாலாபீஸ் சுவரை ஒட்டி, சாக்கு விரித்து. மாசிலாமணி என்று பெயர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்படியென்றால் பெனிட்டா என்னை எதைச் சொல்லிக் கூப்பிட்டாள்? தாத்தா செய்த தொழிலைச் சொல்லியா, அந்தத் தொழிலைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவன் என்றா? அவளுக்குச் சொல்லின் பழங்கதை தெரிந்திருக்காது. ஷூ ஏற்றுமதி ஆபீசில் வேலை, வெளிநாட்டுக்காரர்களோடு கம்ப்யூட்டரில் பேசுகிறாள், அவர்களிடமிருந்து எடுத்திருப்பாள். கடைசிப் பொருள்தான். கடைசிப் பொருளாகத்தான் இருக்கும். ஆனால் நடுவிலுள்ளதாகவும் இருக்கலாமே, இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறவன், அது இன்னும் மோசமில்லையா?

ரயில் நகர்ந்துவிட்டது. ஜன்னலில் வெயில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. தமிழில் சொல்லியிருந்தால் இவ்வளவு குழப்பம் இல்லை. பந்தா என்று சொல்லியிருக்கலாம், மிதப்பு, பவிசு, அல்டாப்பு, பீத்தல், எத்தனை இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. பவிசில் நகை இருக்கிறது, மிதப்பில் பணம் இருக்கிறது, பந்தாவில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஆம்பூரில் எங்கள் தெருவில் சொல்வதுதான் சரியான சொல், "அவரு பெரிய இவரு". பெரிய இவரு. யார் இவரு? பெயர் கிடையாது, ஒரு சுட்டுச்சொல்லை நிற்க வைத்து, அதன் தலையில் பெரிய என்று ஒரு முண்டாசு. இதை அகராதியில் போடலாமா என்று கூட்டத்தில் கேட்டேன், சிரித்தார்கள். பேராசிரியர் வேதாந்தம்தான் தலைமைப் பதிப்பாசிரியர், நல்ல மனிதர், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தயானந்தன், இந்த முதல் பொருள், செருப்புத் தைப்பவர், வழக்கொழிந்ததுன்னு போட்டு வெச்சுக்கலாமா, இல்ல எடுத்துடலாமா?" நான் உடனே எடுத்துவிடலாம் என்றேன். அவருக்கே ஆச்சரியம். "நீங்க ஒரு கமாவைக்கூட எடுக்க விடமாட்டீங்களே" என்றார். ஏன் எடுக்கச் சொன்னேன்? அப்பா போய் அந்த வசவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்றா, இல்லை, அங்கே அப்பா இருந்தார் என்பதே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றா? எடுக்காமல் விட்டிருந்தால்? வேறு மொழிக்காரன் எவனோ செருப்புத் தைத்தவன், அவன் எங்கள் அப்பா இல்லையே. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எப்படியோ மாடியேறிப் போய்விட்டது, தைக்கிறவனை இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றிக்கொண்டது. நம் ஊரில் அந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு வைத்த பெயர் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் சண்டை வந்தால் முதலில் வாயில் வருகிறது. ஒரு படிகூட நகரவில்லை. இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தேனா? வாயைத் திறந்த ஞாபகம் இருக்கிறது. காப்பி வந்தது.

சரி, அவள் என்னத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாள்? ஒன்று இருக்கிறது. அம்மா செத்தபோது நான் லாட்ஜில் தங்கினேன். வீட்டில் இருபது பேர், எனக்கு முட்டியில் வலி, கீழே படுத்தால் எழ முடியாது, உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்றுதான் சொன்னேன். மறுநாள் காலையில் பெனிட்டா டிபன் தூக்கோடு லாட்ஜுக்கு வந்தாள், பள்ளிக்கூடப் பெண் அப்போது, ஏசி அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தூக்கை மேஜையில் வைத்துவிட்டு உட்காராமலே போனாள். அதுவாக இருக்கும். இல்லையென்றால் அந்த ஆங்கிலம். அவளுடைய தோழிகளுக்கு முன்னால் "டிடின்ட் வென்ட் இல்லம்மா, டிடின்ட் கோ" என்று திருத்தினேன், அன்பாகத்தான் திருத்தினேன், குரலைத் தாழ்த்தி, ஆனால் குரலைத் தாழ்த்தினால் எல்லாரும் கூர்ந்து கேட்கிறார்கள். அவள் காது சிவந்தது. அதுவாகவும் இருக்கும். புதுவீடு கிரகப்பிரவேசத்துக்குப் போகாதது? புரூஃப் இருந்தது. உண்மையாகவே புரூஃப் இருந்தது, ஆனால் புரூஃப் எப்போது இல்லை? அதற்குத்தான் இந்தத் தடவை ஜெயசீலன் போனில் சொன்னான், "பாப்பா நிச்சயத்துக்கும் நீ வரலன்னா இனிமே நான் எதுக்கும் கூப்புட மாட்டேண்ணா, சத்தியமா." நாளைக்குக் காலையில் கோயிலில் நிச்சயம். அப்பா இல்லாத இடத்தில் நான்தான் முன்னால் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டாரோடு பேச வேண்டும், சபையில் தனக்குப் பேச வராது என்கிறான். அவர்கள் முன்னால் போய் உட்காருகிறவன் யார், குடும்பத்துப் பெரியவரா, பெரிய இவரா? அவள் ஏற்கெனவே மாப்பிள்ளையிடம் சொல்லியிருப்பாள், எங்களுக்கு ஒரு பெரிப்பா இருக்கார், கொஞ்சம் ஸ்நாப், கண்டுக்காதீங்க. கண்டுக்காதீங்க என்று சொன்னாளென்றால் அதுவும் ஒரு பாசம்தானே. அது பாசமா?

"நீங்க ஆம்பூரா சார்?" எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள். மடியில் பெரிய துணிப்பை, காலில் தேய்ந்த சிந்தெடிக் செருப்பு, இடது குதிகால் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது, அப்படியென்றால் இடுப்பில் கோளாறு. நான் யாரைப் பார்த்தாலும் முதலில் பாதத்தைத்தான் பார்க்கிறேன், அப்பாவிடமிருந்து வந்தது, அவர் ஆட்களைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். ஆமாம், ஆம்பூரில்தான் இறங்குகிறேன் என்றேன்.

"சொந்த ஊருங்களா?"

"தம்பி ஊரு."

"அப்போ நீங்க?"

"மெட்ராஸ்."

அவள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி ஊரு. ஏன் அப்படி வந்தது வாயில்? தம்பி பிறந்த ஊரில் அண்ணன் பிறக்கவில்லையா? பொய்யென்றும் சொல்ல முடியாது, தம்பியின் ஊர்தான், தம்பி இருக்கிற ஊர். மறுபடி அவளைக் கூப்பிட்டு, இல்லைம்மா, எனக்கும் அதுதான் ஊர், இந்த மண்ணில்தான் பிறந்தேன் என்று சொல்லலாம். சொன்னால் இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பாள். அவளுக்கு என் ஊர் எதுவாக இருந்தால் என்ன. ஆனால் இப்படித்தான் நடக்கிறதோ? யோசித்துச் செய்கிற காரியமாகவே இல்லாமல், நாக்கு தானே ஒரு வழியில் போய்ப் பழகி, நாலு பேருக்கு அது தெரிந்து, கடைசியில் எனக்கு மட்டும் தெரியாமல்? வாய் நாற்றம் அப்படித்தான், உள்ளவனுக்குத் தெரியாது. குடியாத்தம் தாண்டிவிட்டது. இங்கிருந்தே எனக்குத் தோலின் வாசனை வந்துவிடும் என்று சின்ன வயதில் ஜெயசீலனிடம் பந்தயம் கட்டுவேன், கண்ணை மூடிக்கொண்டே ஊர் வந்துவிட்டது என்பேன். இப்போது வருகிறதா? மூக்கை இழுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை, பிரேக் இரும்பின் வாசனை, யாரோ பிரித்த சுண்டல் பொட்டலம். வராதது வருத்தமா, நிம்மதியா? வருத்தம் என்று சொல்லத்தான் ஆசை. பச்சகுப்பத்துப் பக்கம் பாலாறு தெரிந்தது, ஆறு என்பது மணல், மணலில் நாலு எருமை. ஒருவேளை நான் இறங்கவே கூடாதோ. வாணியம்பாடிவரை போய், அங்கிருந்து போன் பண்ணி, தூங்கிவிட்டேன் என்று சொல்லி, பஸ் பிடித்து இருட்டினதும் போனால், கூட்டத்தில் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதுவும் பந்தா என்றுதான் சொல்வார்கள். கார் வைத்துக்கொண்டு வருகிறார் போலிருக்கிறது என்பார்கள். என்ன செய்தாலும் அந்தச் சொல்லுக்குள் போய்த்தான் விழுகிறேன், என் பாட்டுக்கு நடந்தாலும், நடக்காமல் உட்கார்ந்திருந்தாலும்.

இறங்கிவிட்டேன். அந்த அம்மாள்தான் பையை எடுத்துக் கொடுத்தாள். வெளியே வேப்பமரத்தடியில் பெனிட்டா ஸ்கூட்டியில் ஒரு காலை ஊன்றி நிற்கிறாள், வெள்ளை ஓட்டப்பந்தய ஷூ, நல்ல தையல், அவர்கள் கம்பெனிச் சரக்காக இருக்கும். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "பெரிப்பா! இளைச்சுட்டீங்க." பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டாள். இந்த முகமா அதைச் சொன்னது? இந்தச் சிரிப்பும் அந்தச் சொல்லும் ஒரே வாயில் எப்படி இருக்கின்றன? இருக்கும்போலிருக்கிறது. பின்னால் ஏறி உட்கார்ந்தேன், எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை, அவள் தோளைத் தொடக் கூச்சமாக இருந்தது, வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறந்தபோது முதலில் தூக்கினவர்களில் நானும் ஒருத்தன். தோளைப் பிடித்தால் என்ன. பஜார் வழியாகப் போகாமல் பைபாஸ் பக்கம் திருப்பினாள். எனக்காகவா? பஜாரில் கூட்டம் என்றுதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் வைக்க ஆரம்பித்துவிட்டேன், இப்படியே போனால் சிக்னலில் நின்றால்கூட எனக்காக நின்றாள் என்று தோன்றும். கேட்டுவிடலாம். கேட்டால் நாளைய நிச்சயம் கெட்டுப்போகும். கேட்காவிட்டால் நாளைக்கு அங்கே உட்கார்ந்து நான் என்ன பேசுவேன்?

"பாப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"சொல்லுங்க பெரிப்பா, கேக்கல, காத்து!"

"ஸ்நாப்னா என்ன?"

வண்டி கொஞ்சம் ஆடி நேரானது. "நீங்கதான டிக்‌ஷனரி போடுறீங்க?"

"உங்க அப்பா கேட்டதுக்கு நீ என்ன சொன்ன?"

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டியது. அவள் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒரு பஞ்சர் கடைக்கு முன்னால் நிறுத்தினாள். திரும்பவில்லை. கண்ணாடியில் ஹெல்மெட்டுக்குக் கீழே அவள் புருவம் மட்டும் தெரிந்தது.

"போன்ல கேட்டுச்சா?"

"பாதி கேட்டுச்சு. மீதி வர்றதுக்குள்ள வெச்சுட்டேன்."

"ஐயோ பெரிப்பா. சும்மா சொன்னேன். ஆபீஸ்ல எல்லாரையும் அப்பிடித்தான் சொல்லுவோம்."

"கோவம் இல்லம்மா. அர்த்தம் என்ன சொன்னேன்னு தெரியணும். எனக்கு அது தெரியணும்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொள்ளப் போனாள், மாட்டவில்லை. "நம்ம வூட்ல தண்ணி குடிக்காதவங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"தண்ணியா?"

"நீங்க குடிச்சதே இல்ல பெரிப்பா. நான் பார்த்ததே இல்ல. பையிலேர்ந்து உங்க பாட்டிலை எடுப்பீங்க. சின்னப் புள்ளையில நான் டம்ளர்ல கொண்டாந்து நீட்டுவேன், கன்னத்தைக் கிள்ளிட்டு அப்பிடி ஓரமா வெச்சிடுவீங்க. அம்மா அப்புறம் எனக்கு சொல்லிச்சு, பெரிப்பாவுக்கு எடுத்துனு போவாதன்னு."

"மஞ்சக்காமாலை வந்துச்சும்மா எனக்கு. டாக்டர் காய்ச்சின தண்ணிதான்னு…"

"தெரியும் பெரிப்பா. அப்பா எப்பவும் அதத்தான் சொல்லும். எங்கண்ணனுக்கு வயிறு சரியில்ல, சரியில்லன்னு." வண்டியின் கண்ணாடியைச் சும்மா திருப்பினாள். "இன்னிக்கு நான் அப்பிடி சொன்னதும் அப்பா ஒண்ணும் சொல்லல. செருப்பை மாட்டிக்கினு வெளியே போச்சு."

மறுபடி வண்டி கிளம்பிவிட்டது. தண்ணீர். லாட்ஜ் இல்லை, ஆங்கிலம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, தண்ணீர். எந்த அகராதியிலும் இந்தப் பொருள் கிடையாது, நான் பார்த்த எதிலும். மஞ்சள்காமாலை நிஜம். எழும்பூரில் படுக்கையில் கிடந்தேன், கண் மஞ்சளாக இருந்தது, டாக்டர் சொன்னது நிஜம், தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் கெட்டுப்போனது ஊருக்கே தெரிந்த நிஜம். ஆனால் காமாலை வந்து எத்தனை காலம் ஆயிற்று? மயிலாப்பூரில் வேதாந்தம் வீட்டில், போன தீபாவளிக்கு, அவர் மனைவி வெள்ளி டம்ளரில் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள், பச்சைத் தண்ணீர். குடித்தேனே. கேட்கக்கூட இல்லையே, இது காய்ச்சினதா என்று. மடக்மடக்கென்று குடித்து, நல்லா இருக்கும்மா என்று வேறு சொன்னேன். அங்கே வயிறு எங்கே போயிற்று? மயிலாப்பூரில் ஒரு மாதிரியும் ஆம்பூரில் ஒரு மாதிரியும் வேலை செய்கிற வயிறு உண்டா? இல்லை, அன்றைக்கு மறந்திருப்பேன், தீபாவளி, பேச்சு, கூட்டம். மறதிதான். மறதி ஏன் இங்கே வந்தால் வருவதில்லை? எங்கள் ஜனங்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நானும் ஜெயசீலனும் ஒரு தடவை வக்கீல் வீட்டுக்கு, அப்பா தைத்த செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், சித்திரை வெயில், தண்ணீர் கேட்டதற்கு அந்த வீட்டம்மாள் படியில் நின்றுகொண்டு செம்பை உயரத் தூக்கி ஊற்றினாள், நான் கையைக் குவித்துக் குடித்தேன், அவன் குடிக்கவில்லை. தாகமில்லை என்றான். வழியெல்லாம் உதட்டை நக்கிக்கொண்டே வந்தான். அவன் அன்றைக்குக் குடிக்காமல் வந்தான், நான் இத்தனை வருஷம் அவன் வீட்டில் குடிக்காமல் இருக்கிறேன், அவன் அதைப் பார்த்துக்கொண்டு எங்கண்ணனுக்கு வயிறு சரியில்லை என்று பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். நம்பித்தான் சொன்னானா? நம்பாமலேதான் சொன்னானா? எது நல்லது எனக்கு? கை எப்போது அவள் தோளுக்குப் போனது என்று தெரியவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவள் வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கினாள்.

வீட்டு வாசலில் பந்தல் கட்டியிருந்தார்கள். உள்ளே கூடத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர், ஜெயசீலன் மனைவி எலிசாவின் அண்ணன்கள், கோயில் பாடகர் குழுவில் பாடுகிற இரண்டு பெண்கள். பக்கத்து அறையில் ஜெயசீலனின் ஷூ தைக்கிற மெஷின்களைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் பசையின் வாசனை வருகிறது, இப்போது நன்றாகவே வருகிறது. "வாங்க மாமா, அக்கா வரலியா?" என்று எலிசா கேட்டாள், என் மனைவிக்கு முட்டிவலி என்றேன், அது அவளுக்கும்தான் எனக்கும்தான். நாற்காலி போட்டார்கள் எனக்கு மட்டும். உட்காருவதா? பாயில் உட்கார்ந்தால் எழ முடியாது, நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் மேலே. உட்கார்ந்தேன். எலிசா ஒரு தட்டில் டம்ளர்களை வைத்துக்கொண்டு வந்தாள், எவர்சில்வர் டம்ளர்கள், வெளியே வேர்த்திருந்தன, பானைத் தண்ணீர். ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள், அண்ணன்களுக்கு, பாடுகிற பெண்களுக்கு, என் நாற்காலிக்கு வந்ததும் கொஞ்சமும் தயங்காமல், முகம் மாறாமல், அப்படியே என்னைத் தாண்டி அடுத்தவருக்குப் போனாள். அதில் கோபமே இல்லை. கதவு நிலையில் தலை இடிக்கும் என்று குனிந்து போகிறவர்கள் மாதிரி, பழகினது. ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது தட்டில்.

"எலிசா, எனக்கு?"

அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள், பெனிட்டாவைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஜெயசீலன் வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான், சட்டையெல்லாம் வேர்வை, கையில் பிளாஸ்டிக் பையில் இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில், கடைத் தண்ணீர். "வந்துட்டியாண்ணா? இங்க தெருமுனை கடையில இருக்கறதெல்லாம் ஃப்ரிட்ஜ்ல வெச்சது, உனக்கு ஜில்லு ஆகாது இல்ல, அதான் பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போயி சாதாவா வாங்கினு வந்தேன்" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டே ஒன்றின் மூடியைத் திருகித் திறந்து என் முன்னால் நீட்டினான். எலிசாவின் கையில் தட்டு, தட்டில் டம்ளர். இவன் கையில் பாட்டில். பாயில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எதை வாங்குவது? பாட்டிலை வாங்கினால் பெனிட்டா சொன்னது சரியாகிவிடும், வாங்காவிட்டால் இவன் வெயிலில் நடந்துபோனது ஒன்றுமில்லாமல் போகும், இத்தனை வருஷம் எனக்காக அவன் சொல்லிவந்ததையும் எல்லார் முன்னாலும் நானே பொய்யாக்கிவிடுவேன். இரண்டிலும் பெரிய இவராகத்தான் நிற்பேன். மூன்றாவதாக ஒரு வழி இருக்க வேண்டும், யோசித்தால் கிடைக்கும், ஆனால் நேரம் கொடுக்க மாட்டார்கள். கையை நீட்டினேன், எந்தப் பக்கம் போகப் போகிறது என்று எனக்கே தெரியவில்லை. டம்ளரை எடுத்தது.

"உனக்கு ஒத்துக்காதேண்ணா" என்றான் ஜெயசீலன்.

"தெரியலடா."

"தெரியலன்னா?"

"தெரியல."

குடித்தேன். லேசாக உப்புக் கரித்தது. அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதா, வாய் வைத்துக் குடிப்பதா என்று ஒரு கணம் வந்தது, வாய் வைத்தே குடித்தேன், கடைசிச் சொட்டுவரை. ஜெயசீலன் திறந்த பாட்டிலோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான், மூடி இன்னொரு கையில், கோபமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, கண் மட்டும் வேகமாகச் சிமிட்டியது. பெனிட்டாதான் அவன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். "குடுப்பா, எனக்குத் தொண்டை காயுது" என்று சொல்லி, கூடத்தின் நடுவில் நின்று தலையைச் சாய்த்துக் கடகடவென்று பாதி பாட்டிலைக் குடித்தாள், கழுத்தெல்லாம் நனைந்தது, எலிசாவின் அண்ணன் ஒருவர் சிரித்துவிட்டார், "ஏய், நாளைக்கு நிச்சயம், சளி புடிச்சிக்கப் போவுது" என்று எலிசா அதட்டினாள். ஜெயசீலன் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் தோள் என் முட்டியில் இடித்தது, நகரவில்லை. எனக்கு உள்ளே வயிறு என்ன செய்யும் என்று தெரியவில்லை, இன்று இரவு ஏதாவது செய்யுமா, நாளைக் காலையில் கோயிலில் செய்யுமா, ஒன்றுமே செய்யாதா, ஒன்றும் செய்யாவிட்டால் அதை நினைத்து நான் என்ன செய்வேன். எலிசாவைப் பார்த்து இன்னொரு டம்ளர் கேட்டேன்.